நிக்கல் தின்ற மண்ணில் ஒரு கோடி மரம்… தெரியுமா?

மழை பெய்தாலும் புல் தழைக்காத மண். கரி பூசியது மாதிரி கறுத்துக் கிடக்கும் பாறைகள். கண்ணுக்கெட்டிய தூரம் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சுற்றுவட்டார ஏரிகள் பலவற்றில் மீன் கிடையாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் சட்பரி என்ற ஊரின் சுற்றுப்புறம் ஐம்பது வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்தது. டொராண்டோவில் சொந்தபந்தம் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள், அங்கிருந்து வடக்கே 400 கிலோமீட்டர்தான்.

இன்று அதே ஊரைச் சுற்றி ஒரு கோடி மரங்கள் நட்டிருக்கிறார்கள்!

எப்படி? பல மாதம் பனியில் புதைந்து, மைனஸ் 40 டிகிரியில் உறைந்து, வசந்தம் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி துளிர்க்கும் சில மரங்களும் புதர்களும்தான் இதில் கதாநாயகர்கள். சட்பரியில் மட்டுமல்ல, வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் சுரங்கம் தோண்டிப் பாழான நிலங்களில் எல்லாம் இந்தக் கில்லாடிகள்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் செய்யும் வித்தைகளைக் கேட்டால் வாய் பிளந்துவிடுவீர்கள். வாருங்கள்!

தாதுவை விறகு அடுப்பில் வறுத்தார்கள், தெரியுமா?

1883. கனடாவின் குறுக்கே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தபோது சட்பரிப் பாறையில் செம்பும் நிக்கலும் தட்டுப்பட்டன. தாதுவில் கந்தகம் கலந்திருந்தது. கந்தகத்தைப் போக்க அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த வழி என்ன தெரியுமா? காட்டை வெட்டி விறகை அடுக்குவது, அதன்மேல் தாதுவைக் கொட்டுவது, தீ வைப்பது. செங்கல் சூளை பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரிதான். ஆனால் புகைபோக்கி கிடையாது. ஒவ்வொரு குவியலும் மாதக்கணக்கில் கனன்றது!

விறகுக்காக ஒரு பக்கம் காடு போயிற்று. தரையோடு தரையாகப் பரவிய கந்தகப் புகையில் மிச்சமும் கருகிற்று. பிடித்து வைக்க வேர் இல்லாததால் மேல்மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது. திறந்தவெளியில் வறுக்கும் வேலை 1929 வரை நடந்தது. அதற்குப் பிறகும் உருக்காலைகளின் புகை நிற்கவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 20,000 ஹெக்டேர் மொட்டைப் பாறை. அதைச் சுற்றி இன்னொரு 80,000 ஹெக்டேர் அரைகுறைக் காடு. இரண்டையும் கூட்டினால் 1,000 சதுர கிலோமீட்டர்!

நிலவுக்குப் போனவர்கள் இங்கே வந்து பயிற்சி எடுத்தார்கள், தெரியுமா?

1971-ல் அப்பல்லோ 16 வீரர்கள், 1972-ல் அப்பல்லோ 17 வீரர்கள் சட்பரிக்கு வந்து பாறை பொறுக்கினார்கள். "ஊர் நிலா மாதிரி மொட்டையாக இருந்ததால்தான் வந்தார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. அது கட்டுக்கதை! உண்மை அதைவிடச் சுவாரசியமானது. ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வானத்திலிருந்து வந்து மோதிய ஒரு பெரும் விண்கல்லின் தழும்புதான் சட்பரிப் பள்ளத்தாக்கு. அந்த மோதலில் உடைந்து உருகிய பாறைகளைப் படிக்கத்தான் வீரர்கள் வந்தார்கள். இந்த ஊருக்கு நிக்கல் கொழிக்கும் தாதுவைத் தந்ததும் அதே மோதல்தான்!

ஆறு பெரிய கோயில் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி!

1972-ல் சட்பரியில் ஒரு புகைபோக்கி கட்டி முடித்தார்கள். உயரம் 381 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு முறை அடுக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். அப்போது உலகத்திலேயே உயரமான புகைபோக்கி அதுதான்.

புகை உயரே போனதால் ஊருக்குள் மூச்சு விட முடிந்தது. அதே சமயம் காற்றில் ஏறிய கந்தகம் தூரத்து ஏரிகளில் அமில மழையாக இறங்கியது. 1960-களில் இந்த ஊர் ஆலைகள் ஒரு வருடத்தில் கக்கிய கந்தக டை ஆக்சைடு 20 லட்சம் டன்னுக்கும் மேல்! பிறகு சட்டங்கள் இறுகின, ஆலைகளும் மாறின. இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. 2020-ல் அந்த ராட்சசப் புகைபோக்கிக்கே வேலையில்லாமல் போய்விட்டது!

மண்ணுக்கு என்ன வியாதி? மருந்து வெறும் சுண்ணாம்புக்கல்!

சட்பரி மண்ணில் விதை முளைக்காமல் இல்லை. முளைத்தது. ஆனால் வேர் நுனி மண்ணைத் தொட்டதும் வளர்ச்சி நின்றது. மண்ணின் அமிலத்தன்மை ஏறியதால் செம்பும் நிக்கலும் அலுமினியமும் கரைந்து வேரைத் தாக்கின. இதற்கு வைத்தியம் என்ன? மண்ணையே மாற்றுவதா? ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நடக்கிற காரியமா அது!

லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் அறிஞர் கீத் வின்டர்ஹால்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் சின்னச் சின்னப் பாத்திகளில் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் பிடிபட்ட மருந்து, பொடித்த சுண்ணாம்புக்கல். ஹெக்டேருக்கு 10 டன். அமிலம் தணிந்தது. உலோகங்கள் மண்ணோடு கட்டுப்பட்டு, வேரை விட்டு விலகின. கொஞ்சம் உரமும் புல், குளோவர் விதைகளும் தூவினார்கள். குளோவர் நம் ஊர்த் தக்கைப்பூண்டு, சணப்பு மாதிரி மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் பயறு வகை.

1978-ல் வேலை தொடங்கியது. அந்தச் சமயம் நிக்கல் விலை சரிந்து சுரங்கத்தில் ஆட்குறைப்பு. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கவில்லை. சரி, அவர்களையே கூப்பிடு என்று மாணவர்களைக் கூலிக்கு எடுத்தார்கள். வண்டி ஏறாத பாறைச் சரிவு, மூட்டையைத் தோளில் சுமந்துதான் ஏற வேண்டும். ஒரு மூட்டை 25 கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஹெக்டேருக்கு 400 நடை! மேலே போய் மூட்டையைப் பிரித்துக் கையால் இறைக்க வேண்டும். இறங்கி வந்து அடுத்த மூட்டை. வெள்ளைத் தூசியில் தலைமுடி நரைத்துப் போய் இறங்கினார்கள் இருபது வயதுப் பிள்ளைகள்.

கூப்பிடாமலே வந்தது பிர்ச்!

இப்போதுதான் அதிசயமே. சுண்ணாம்பு போட்ட இடத்தில் மட்டும், யாரும் விதைக்காத பிர்ச் கன்றுகள் தானாகத் தலை காட்டின! பாப்ளரும் வில்லோவும் பின்னாலேயே வந்தன. விதை எங்கிருந்து வந்தது? காற்றில்தான். பிர்ச் விதை அவ்வளவு இலேசு, ஒரு கிலோவில் 10 லட்சத்துக்கும் மேல் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் மெல்லிய இறகு. குளிர்காலத்திலும் உதிரும். உறைந்த பனியின் வழவழப்பான மேல்தளத்தில், சறுக்குமரத்தில் குழந்தை சறுக்குகிற மாதிரி, காற்று தள்ளத் தள்ள வெகுதூரம் வழுக்கிக்கொண்டே போகும்!

அந்த விதைகள் பல வருடமாக வந்து விழுந்து செத்துக்கொண்டுதான் இருந்தன. நடுவில் ஒரே ஒரு தடை. அதை விலக்கியதும் காடு தன் வேலையைத் தானே ஆரம்பித்துவிட்டது. சுண்ணாம்பை உரம் என்று சொல்வதைவிட விசை என்று சொல்வதே பொருத்தம் என்றார் வின்டர்ஹால்டர். துப்பாக்கி விசை மாதிரி, தட்டிவிட்டால் போதும்!

மைனஸ் 196 டிகிரியிலும் சாகாத குச்சி, தெரியுமா?

சரி, இந்த மரங்கள் அந்தக் குளிரை எப்படித் தாங்குகின்றன? ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சகாய் என்ற ஆய்வாளர் குளிர்காலத்தில் வில்லோ போன்ற மரங்களின் குச்சிகளை ஒடித்து, படிப்படியாகக் குளிரவைத்து, கடைசியில் திரவ நைட்ரஜனில் முக்கினார். மைனஸ் 196 டிகிரி! எடுத்துப் பக்குவமாகச் சூடேற்றிப் பார்த்தால், குச்சி உயிரோடு இருந்தது. 1960-ல் இதை உலகுக்குச் சொன்னார்.

ரகசியம் இதுதான். குளிர் நெருங்கும்போது மரம் தன் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பனிக்கட்டி செல்லுக்கு வெளியேதான் உருவாகும், உள்ளே ஊசி குத்தாது. செல்லுக்குள் மிஞ்சுவது கெட்டியான சர்க்கரைப் பாகு மாதிரி ஒன்று. பாகு கண்ணாடியாக இறுகுமே தவிர, பனிப்படிகமாகாது. கமர்கட்டு இறுகுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் ஒரு நிபந்தனை. இதெல்லாம் இலையுதிர் காலத்தில் மெல்ல மெல்லப் பழகிய மரத்துக்குத்தான். அதே மரத்தை ஜூலை மாதத்தில் உறைய வைத்தால் வதங்கிச் செத்துவிடும். பகல் குறுகக் குறுக, குளிர் வரப்போகிறது என்று மரம் கண்டுகொள்கிறது. அதனால்தான் சுரங்க நிலத்தில் நடுவதற்குத் தெற்கத்தி விதை வேண்டாம், அந்த வட்டாரத்து விதைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். ஒரே இனமாக இருந்தாலும் தெற்கத்திக் கன்றுக்கு அந்த ஊர்ப் பஞ்சாங்கம் தெரியாது!

கிரிக்கெட் பேட்டின் ஒன்றுவிட்ட தம்பி!

வில்லோ என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கிரிக்கெட் பேட். அதே குடும்பத்தின் வடக்கத்திப் புதர் வகைகள்தான் சுரங்க நிலத்தின் முதல் குடிகள். இந்தக் குடும்பத்தில் ஆர்க்டிக் வில்லோ என்று ஒன்று. கிரீன்லாந்தின் வடகோடி வரை போய்விட்டது, அதற்கு வடக்கே மரத்தண்டு உள்ள செடியே கிடையாது. உயரம் சில அங்குலம்தான். ஆனால் நூறு வயதைத் தாண்டியவை உண்டு. நம் கணுக்கால் உயரம்கூட வராத கொள்ளுத் தாத்தா!

வில்லோவை நட விதையே வேண்டாம். நம் ஊரில் முருங்கைப் போத்து, கிளுவைப் போத்து, பூவரசம் போத்து நடுகிறோமே, அதே கதைதான். குளிர்காலக் கடைசியில், மரம் விழிப்பதற்கு முன், கட்டை விரல் கனத்தில் குச்சி வெட்டுகிறார்கள். சில நாள் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். முக்கால் பாகம் மண்ணுக்குள், கால் பாகம் வெளியே, மொட்டு மேல் நோக்கி. அவ்வளவுதான்! வில்லோவின் பட்டைக்கு அடியில் வேர்க்குருத்துகள் முன்கூட்டியே தயாராகக் காத்திருக்கும், ஈரம் பட்டதும் கிளம்பிவிடும். மண் சரியும் கழிவு மேடுகளில் இந்தப் போத்துகளைக் கட்டாகக் கட்டிக் குறுக்கே புதைத்தால் அது வேலியாகவும் ஆகும், வேராகவும் ஆகும்.

இன்னொரு செய்தி: வில்லோ பட்டையில் இருக்கும் சாலிசின்தான் பின்னால் ஆஸ்பிரின் மாத்திரைக்கு வழிகாட்டியது. மண்ணின் தலைவலிக்கும் அதே வைத்தியர்!

சவுக்கு மரத்துக்கு வடக்கே ஒரு கூட்டாளி!

சுரங்கம் தோண்டிய மண்ணில் தழைச்சத்து அறவே இருக்காது. உரம் போடலாம், ஆனால் எத்தனை வருடத்துக்குப் போடுவது? இங்கேதான் வருகிறது ஆல்டர். இதன் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும், பவளக்கொத்து மாதிரி. வயதான மரத்தில் எலுமிச்சை அளவுக்குக்கூடத் திரளும். அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிரின் பெயர் ஃபிராங்கியா. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தரும்.

நம் கடற்கரை மணலில் சவுக்கு எப்படிச் செழிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் வேர் முடிச்சிலும் ஃபிராங்கியா வகைதான்! மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பும் அலாஸ்காவின் ஆல்டர் புதரும் ஒரே உத்தியில் பிழைக்கின்றன.

ஆல்டரின் பெருந்தன்மையைப் பாருங்கள். மற்ற மரங்கள் இலையை உதிர்க்கும் முன் அதிலிருக்கும் சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் இலை மஞ்சளாகிறது, சிவப்பாகிறது. ஆல்டர் அப்படிச் செய்வதில்லை. பச்சை இலையை அப்படியே உதிர்த்துவிடும்! தழைச்சத்தோடு இலை மண்ணில் மட்கும். பக்கத்தில் நிற்கும் பைன் கன்றுக்குச் சாப்பாடு தயார். கையில் வருமானம் இருப்பவன் சில்லறையை எண்ணுவானா?

ஒரே மனிதர், இரண்டு புகழ்!

ஃபிராங்கியா என்ற பெயர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரின் நினைவாக வைத்தது. அவருக்குக் கொடுத்திருந்த வேலை என்ன தெரியுமா? டிரஃபிள் என்னும் விலை உயர்ந்த பூஞ்சைக் காளானைப் பிரஷ்யாவில் பயிர் செய்ய வழி பார்ப்பது! அந்த வேலையில் இருந்தபோதுதான் மரத்தின் வேரும் பூஞ்சையும் கைகோத்து வாழ்வதைக் கண்டார். வேர்ப்பூஞ்சைக் கூட்டுக்கு 1885-ல் மைக்கோரைசா என்று பெயர் சூட்டியவரும் அவரே. டிரஃபிளைத் தேடப் போனவருக்குக் காட்டின் அடித்தளமே கிடைத்தது!

பாழ் நிலத்தில் பைனும் பிர்ச்சும் வேர் பிடிக்க இந்தப் பூஞ்சைகள் வேண்டும். வேர் போக முடியாத இண்டு இடுக்குகளில் பூஞ்சை நூல் நுழைந்து தண்ணீரும் மணிச்சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாக மரம் சர்க்கரை கொடுக்கும். சட்பரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? நெடுஞ்சாலையை அகலப்படுத்த அழிக்கப்போகும் காட்டின் தரையைப் பாய் பாயாகப் பெயர்த்து எடுத்துவந்து, நட்ட காட்டுக்குள் பதித்தார்கள். பாசி, பெரணி, கிழங்கு, பூஞ்சை, புழு பூச்சி எல்லாம் ஒரே பாயில்! பிரசாதப் பொட்டலம் மாதிரி, அங்கங்கே ஒரு துண்டு. அதிலிருந்து அக்கம்பக்கம் பரவிக்கொள்ளும்.

கோந்து போட்டு ஒட்டிய விதைப்பெட்டி!

ஜாக் பைன் மரத்தின் கூம்பைக் கையில் எடுத்துத் திறக்கப் பாருங்கள், நகம்தான் உடையும். செதில்களுக்கு நடுவே பிசின் இறுகிக் கிடக்கும். பல வருடம் அப்படியே மரத்தில் தொங்கும். பெரும்பாலும் காட்டுத்தீ வந்தால்தான் திறக்கும். ஏறக்குறைய 50 டிகிரிச் சூட்டில் பிசின் உருகி, செதில்கள் விரிந்து, சாம்பல் பூத்த வெறுந்தரையில் விதை கொட்டும். போட்டிக்கு ஒரு செடி இல்லாத நேரமாகப் பார்த்து!

வெறுந்தரையில் முதல் ஆளாகக் குடியேறுவது இந்த மரத்தின் பரம்பரைத் தொழில். மணலோ பாறை இடுக்கோ, அதற்குக் கவலையில்லை. சுரங்க நிலம் அதற்கு எரிந்த காட்டின் ஒன்றுவிட்ட உறவாகத்தான் தெரிகிறதோ என்னவோ! சட்பரியில் நட்ட மரங்களில் ஜாக் பைனும் சிவப்புப் பைனும் முன்வரிசை. வெள்ளை பைன், ஸ்ப்ரூஸ், சிவப்பு ஓக் எல்லாம் கூடவே வந்தன.

மரக்கன்றுகளை ஃப்ரீசரில் தூங்க வைப்பார்கள், தெரியுமா?

நம் ஊர் நர்சரியில் கன்று வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். கனடாவில் பெட்டியில் போட்டு உறைய வைப்பார்கள்! இலையுதிர் காலத்தில் கன்றுகள் குளிருக்குப் பழகித் தூக்கத்துக்குப் போனதும், குழித்தட்டிலிருந்து உருவி, கட்டுக் கட்டாகப் பையில் சுற்றி, மெழுகு பூசிய அட்டைப்பெட்டியில் அடுக்கி, மைனஸ் 2 டிகிரிக் குளிரறையில் வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் தூக்கம். நடும் நேரம் வந்ததும் பெட்டியை வெளியே எடுத்து, பனி விட வைத்து, நேரே மண்ணுக்குள்!

நடுபவர்களுக்குக் கூலி கன்றுக் கணக்கு. இடுப்பில் பை, கையில் ஒடுக்கமான மண்வெட்டி. ஒரு குத்து, மண்ணைப் பிளந்து கன்றை நுழைத்து, காலால் ஒரு அழுத்து. அடுத்த அடி. தேர்ந்த ஆள் ஒரு நாளில் 2,000 கன்றுகூட நடுவார். கொசுக்கடியும் கறுப்பு ஈக்கடியும் தனி!

பூமிக்கு அடியில் 4,600 அடி ஆழத்தில் நாற்றங்கால்!

நம்ப முடிகிறதா? சட்பரியின் கிரைட்டன் நிக்கல் சுரங்கத்தில், 4,600 அடி ஆழத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் பைன் நாற்று வளர்த்தார்கள்! வெளியே பனி கொட்டும், உள்ளே பூமியின் சொந்தச் சூடு. குளிர்காலத்தில் கணப்புச் செலவு மிச்சம். அங்கே முளைத்த நாற்றுகள் சுரங்க லிஃப்ட்டில் ஏறி மேலே வந்தன. அவற்றை நட்டது எங்கே? அதே சுரங்கத்தால் மொட்டையடிக்கப்பட்ட நிலத்தில்!

இதே கிரைட்டன் சுரங்கத்தில், இன்னும் ஆழத்தில் இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே, நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த ஆய்வுக்காக 2015-ல் ஆர்தர் மெக்டொனால்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே குழிக்குள் நோபலும் நாற்றும்!

இலை உதிர்ந்தாலும் சமையல் நிற்காத மரம்!

ஆஸ்பென் என்ற பாப்ளர் வகையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை. அங்கேயும் பச்சையம்! இலை இல்லாத காலத்திலும் பட்டை கொஞ்சம் சமைத்துக்கொள்ளும். அதுமட்டுமா? வேர் போகிற இடமெல்லாம் புதுத் தண்டு கிளப்பும், வாழை பக்கக்கன்று விடுகிற மாதிரி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 43 ஹெக்டேரில் 47,000 தண்டுகளோடு நிற்கும் பாண்டோ என்ற ஆஸ்பென் காடு, உண்மையில் ஒரே ஒரு மரம்!

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் மணல் சுரங்கம் தோண்டும் முன் காட்டின் மேல்மண்ணை வழித்துப் பத்திரப்படுத்துவார்கள். அதைத் திரும்பப் பரப்பும்போது, மண்ணில் சிக்கிய ஆஸ்பென் வேர்த்துண்டுகளே துளிர்த்துக் கிளம்புவது உண்டு. மண்ணைச் சீக்கிரம் திரும்பப் போட்டால்தான் இது நடக்கும். வருடக்கணக்கில் குவித்து வைத்தால் வேரும் விதையும் உள்ளேயே மடிந்துவிடும்.

அழகாகச் சமப்படுத்தினால் மரம் வளராது, தெரியுமா?

இதுதான் எல்லோரும் பல வருடம் தவறு செய்த இடம். சுரங்கம் மூடியதும் புல்டோசர் விட்டு, கிரிக்கெட் மைதானம் மாதிரி நிரவி, புல் விதைத்துப் பச்சையாக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி. மரம் மட்டும் வராது! ஏன்? புல்டோசர் ஏறி இறங்கிய மண் சிமென்ட் தரை போல இறுகியிருக்கும், வேர் நுழையாது. அடர்ந்த புல், கன்றுக்குரிய தண்ணீரையும் வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வில்லன் இன்னும் சுவாரசியம்: வோல் என்கிற குட்டி எலி. பனிக்கு அடியில், புல் மெத்தைக்குள் சுரங்கம் அமைத்து, கழுகுக்கும் நரிக்கும் தெரியாமல் குளிர்காலம் முழுவதும் கன்றுகளின் பட்டையைச் சுற்றிக் கொறித்துத் தீர்க்கும். வசந்தத்தில் பனி உருகிப் பார்த்தால், கன்று நிற்கும், உயிர் இருக்காது.

இப்போது பாடம் படித்துவிட்டார்கள். மண்ணைத் தளர்வாகக் கொட்டு. மேடு பள்ளமாக விடு. பள்ளத்தில் பனி தங்கும், தண்ணீர் தங்கும், காற்றில் வந்த விதை தங்கும். புல்லைக் குறை. செத்த மரக்கட்டைகளை அங்கங்கே போட்டு வை, அதன் நிழலில் கன்று பிழைக்கும். பார்க்க அலங்கோலம்தான். காடு என்றைக்குக் கோலம் போட்டு வளர்ந்தது?

அங்கே சுண்ணாம்பு மருந்து, இங்கே சுண்ணாம்பே நோய்!

எஸ்டோனியா நாட்டில் எண்ணெய்ப் பாறைக்காகத் தோண்டிய குழிகளில் நிலைமை தலைகீழ். அங்கே குவிந்து கிடப்பதே சுண்ணாம்புக்கல் சரளை! மண் காரம், கல் அதிகம், ஈரம் நிற்காது. 1960-லிருந்து அங்கே நட்டு வருகிறார்கள். ஸ்காட்ஸ் பைன்தான் பெரும்பங்கு, கூடவே பிர்ச், ஆல்டர். இன்று அவை நிஜக் காடுகள். சட்பரியின் மருந்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நிலம் மாறினால் வைத்தியமும் மாறும்.

பாழ் நிலத்தில் பழத் திருவிழா!

சட்பரியின் அரைகுறைக் காட்டில் ஒரு செடி மட்டும் "ஆகா, நமக்கேற்ற மண்!" என்று குதித்தது. காட்டு புளூபெர்ரி! அதற்கு அமில மண் என்றால் அல்வா. மேலே நிழல் தரும் மரமும் இல்லை, கேட்க வேண்டுமா? குன்று குன்றாகப் பழுத்தது. ஊரில் வருடா வருடம் புளூபெர்ரித் திருவிழாவே நடக்கிறது. காடு அடர்ந்து நிழல் கூடக் கூட, பழம் குறையும். இதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

இன்னொரு பழச்செடி சீபக்தார்ன். லடாக் போனவர்கள் அதன் ஆரஞ்சு நிறச் சாற்றைக் குடித்திருப்பார்கள். முள்ளுக்குப் பேர்போனது, குளிரையும் வறட்சியையும் தாங்கும். வேரில் ஃபிராங்கியாவும் உண்டு. ஐரோப்பாவிலும் சீனாவிலும் பாழ்நிலங்களில் இதை நடுகிறார்கள். கனடாவில் இதன் பங்காளியான வெள்ளிப்பெர்ரிப் புதரும் அதே வேலை பார்க்கிறது. அதன் கோடு போட்ட விதைகளைப் பூர்வகுடிகள் மணியாகக் கோத்து மாலை போட்டார்கள். நகையும் ஆச்சு, உரமும் ஆச்சு!

எல்லாம் சரி, இனி பயமில்லாமல் தோண்டலாமா?

அவசரப்படாதீர்கள்! ஆல்பர்ட்டாவில் 1967-லிருந்து எண்ணெய் மணல் கழிவு கொட்டிய ஒரு குளத்தை 2010-ல் மூடி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளையும் புதர்களையும் நட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அதன் பரப்பு சுமார் 220 ஹெக்டேர். அங்கே எண்ணெய் மணலுக்காகக் கிளறப்பட்ட நிலம் 900 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அதாவது 90,000 ஹெக்டேர்! "மீட்டாயிற்று" என்று அரசு முதன்முதலில் சான்றிதழ் கொடுத்தது 2008-ல். எவ்வளவுக்கு? 104 ஹெக்டேருக்கு!

சட்பரிக்கு 1992-ல் ரியோ பூமி உச்சி மாநாட்டையொட்டி ஐ.நா. விருது கிடைத்தது. 2022-ல் ஒரு கோடியாவது மரத்தை நட, சிம்பன்சிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜேன் குடாலே வந்தார். ஏரிகளில் மீன் திரும்பி வருகிறது. ஆனால் வேலை முடியவில்லை. சுண்ணாம்பு மூட்டை ஏறாத குன்றுகள் இன்னும் இருக்கின்றன. நட்டு வளர்ந்த காட்டிலும், பழைய காட்டில் இருந்த செடிகொடிகளில் பல இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாக ஒன்று தெரியுமா? இத்தனை கில்லாடி மரங்கள் இருந்தும், விதைகள் வருடா வருடம் பறந்து வந்தும், ஊரைப் புகை சூழ்ந்திருந்தவரை அந்தக் குன்றுகளில் காடு எழவில்லை. முதலில் புகை குறைந்தது. பிறகு சுண்ணாம்பு விழுந்தது. அதற்கப்புறம்தான் மரம் வந்தது. இந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் சட்பரியில் காடு வளர்ந்திருக்காது.